தப்பு இருக்கு, சரி... எங்கே இருக்கு? ரவுட்டர் எரர் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு கணித மேதையின் கதை

அலுவலகத்தில் நெட் இருக்கிறது, ஆனால் ஒழுங்காக இல்லை. பிங் போட்டால் பதில் வருகிறது. வீடியோ காலில் முகம் உறைந்து நிற்கிறது, பெரிய ஃபைல் பாதியில் திணறுகிறது. நெட்வொர்க் டீமில் ஒருவர் ரவுட்டருக்குள் நுழைந்து ஒரு கமாண்ட் அடிக்கிறார். திரையில் எண்கள் வந்து விழுகின்றன. உதாரணத்துக்கு, இன்புட் எரர்ஸ் 4,812, அதில் சி.ஆர்.சி. 4,790; ரன்ட்ஸ் 22.

தப்பு இருக்கு என்று ரவுட்டர் சொல்லிவிட்டது. எங்கே என்று சொல்லவில்லை. கேபிளா, போர்ட்டா, எதிர்முனையில் இருக்கும் ஸ்விட்ச்சா? இந்த எண்ணை எப்படி வாசிப்பது என்று தெரியாமல் நல்ல கேபிளைக் கழற்றி எறிபவர்களும் உண்டு, பழுதான போர்ட்டை விட்டுவிட்டு சர்வீஸ் புரொவைடரோடு மல்லுக்கட்டுபவர்களும் உண்டு.

தவறு நடந்தது தெரிவதும், அது எங்கே நடந்தது என்று தெரிவதும் வேறு வேறு விஷயங்கள். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியால் கடுப்பாகி, அதற்குக் கணக்கு போட்டு விடை கண்டவர் ரிச்சர்ட் ஹாமிங். உங்கள் போனும் லேப்டாப்பும் டேட்டா சென்டர்களும் இன்று நம்பி ஓடும் ஒரு துறையையே தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் அவர். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், ரவுட்டர் காட்டும் எண்களையும் கொஞ்சம் வேறு கண்ணோடு பார்க்கலாம்.

யார் இந்த ஹாமிங்?

ரிச்சர்ட் வெஸ்லி ஹாமிங் 1915 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தார். இன்ஜினீயர் ஆக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால் காசு இல்லாத காலம் அது, உதவித்தொகை கிடைத்த இடம் சிகாகோ பல்கலைக்கழகம். அங்கே இன்ஜினீயரிங் பிரிவே இல்லை. வேறு வழியில்லாமல் கணிதம் எடுத்தார். இன்ஜினீயர் ஆகியிருந்தால் மேன்ஹோலுக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், கணிதம் எடுத்ததால்தான் ஆராய்ச்சியின் விறுவிறுப்பு கிடைத்தது என்று பின்னாளில் அவர் இதை நினைத்து மகிழ்ந்ததுண்டு.

1937-ல் சிகாகோவில் இளநிலை, 1939-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் முதுநிலை, 1942-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அதே 1942-ல் வாண்டா லிட்டிலைத் திருமணம் செய்துகொண்டார்.

அணுகுண்டுக்கு நடுவே ஒரு கணக்கு

1945 ஏப்ரலில் ஹாமிங் லாஸ் அலமாஸுக்குப் போனார். அமெரிக்கா ரகசியமாக அணுகுண்டு தயாரித்துக்கொண்டிருந்த இடம். விஞ்ஞானிகள் எழுதிக் கொடுக்கும் சமன்பாடுகளை ஐ.பி.எம். கணக்கு இயந்திரங்களில் ஓடவிடுவது அவர் வேலை. வாண்டாவும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். பெரிய பெரிய இயற்பியலாளர்கள் யோசிக்க, இயந்திரம் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் துப்புரவுப் பணியாளர் போலத்தான் தன்னை அவர் அப்போது நினைத்துக்கொண்டார்.

அங்கே நடந்த ஒரு சம்பவத்தை ஹாமிங் பின்னாளில் எழுதியிருக்கிறார். முதல் அணுகுண்டு சோதனைக்குக் கொஞ்சம் முன்பு, ஒருவர் வந்து ஒரு கணக்கைச் சரிபார்த்துத் தரச் சொன்னார். தனக்குக் கீழே இருப்பவரிடம் தள்ளிவிடலாம் என்று நினைத்த ஹாமிங், எதற்கும் இது என்ன கணக்கு என்று கேட்டார். குண்டு வெடித்தால் பூமியின் காற்று மண்டலமே பற்றிக்கொள்ளுமா என்று பார்க்கும் கணக்கு என்று பதில் வந்தது. அதன் பிறகு அதை யாரிடமும் தரவில்லை, தானே உட்கார்ந்து பார்த்தார்.

கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அந்த அளவு ஆற்றலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு யாரும் சோதனை செய்து பார்த்ததில்லை. கணக்கு சரி, கணக்குக்குள் போட்ட சூத்திரம் சரியா என்பது எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார். வந்தவருக்கு அதுவே போதுமாக இருந்தது, அவர் கேட்டது கணக்கை மட்டும்தான்.

இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் செய்யும் சோதனையும் இதே மாதிரிதான். அனுப்பிய பிட்களும் வந்து சேர்ந்த பிட்களும் ஒன்றா என்று மட்டும் அது பார்க்கிறது. நெட்வொர்க் நலமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

வீணாகப் போன இரண்டு வீக்எண்ட்

போர் முடிந்தது. 1946-ல் ஹாமிங் பெல் லேப்ஸில் சேர்ந்தார். அமெரிக்க டெலிபோன் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம் அது. தகவல் கோட்பாட்டின் தந்தை என்று சொல்லப்படும் கிளாட் ஷானனோடு ஒரே அறையில் கொஞ்ச காலம் உட்கார்ந்து வேலை பார்த்தார்.

அப்போது பெல் லேப்ஸ் ராணுவத்துக்காக ஒரு ரிலே கம்ப்யூட்டரைச் சோதித்துக்கொண்டிருந்தது. மாடல் 5 என்று பெயர். இன்றைய சிப்பெல்லாம் அதில் கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் டக்கென்று மூடித் திறக்கும் ரிலேக்கள் மட்டும் 9,000-க்கும் மேல். எடை சுமார் 10 டன்.

அந்த இயந்திரத்திடம் ஒரு நல்ல குணம் இருந்தது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் இத்தனை ரிலே மட்டும்தான் ஆனில் இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒன்று கூடினாலோ குறைந்தாலோ தவறு என்று புரிந்துகொண்டு உடனே நின்றுவிடும். வார நாட்களில் ஆபரேட்டர்கள் இருப்பார்கள், ஓடிவந்து சரிசெய்வார்கள். வீக்எண்டில் ஆள் கிடையாது. அப்போது இயந்திரம் மறுபடி முயன்று பார்க்கும், சரிப்படாவிட்டால் அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

ஹாமிங்குக்குக் கிடைத்தது வீக்எண்ட் மட்டும்தான். இயந்திரத்தைப் பயன்படுத்துபவர்கள் வரிசையில் அவருக்குப் பெரிய முன்னுரிமை இல்லை. 1947-ல் ஒரு திங்கள்கிழமை ஆசையாக வந்து பார்த்தால், அவர் கணக்கு தூக்கி எறியப்பட்டுக் கிடந்தது. அடுத்த வாரமும் அதே கதை.

நம்மில் பெரும்பாலானவர்கள் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். ஹாமிங்கும் திட்டினார். ஆனால் திட்டிய கையோடு ஒரு கேள்வி வந்தது. தவறு நடந்திருக்கிறது என்று இயந்திரத்தால் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், எந்த இடத்தில் என்று ஏன் கண்டுபிடிக்க முடியாது? இடம் தெரிந்தால் திருத்துவது பெரிய வேலையே இல்லை. 0 தப்பு என்றால் 1, 1 தப்பு என்றால் 0. அவ்வளவுதான்.

தவறு தன் முகவரியைச் சொல்வது எப்படி?

ஹாமிங் கண்ட விடையைப் பேப்பரும் பேனாவும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அனுப்ப வேண்டியது 4 பிட்: 1, 0, 1, 1. இதோடு 3 காவல் பிட்களைச் சேர்த்து மொத்தம் 7 பிட்டாக அனுப்ப வேண்டும். 1, 2, 4 ஆகிய இடங்கள் காவலர்களுக்கு. 3, 5, 6, 7 ஆகிய இடங்கள் டேட்டாவுக்கு.

ஒவ்வொரு காவலருக்கும் ஒரு ஏரியா உண்டு:

- 1-ம் காவலர்: 1, 3, 5, 7 ஆகிய இடங்கள்
- 2-ம் காவலர்: 2, 3, 6, 7 ஆகிய இடங்கள்
- 4-ம் காவலர்: 4, 5, 6, 7 ஆகிய இடங்கள்

தன் ஏரியாவில் இருக்கும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி ஒவ்வொரு காவலரும் 0 அல்லது 1 என்று தன் மதிப்பை வைத்துக்கொள்வார். நம் உதாரணத்தில் அப்படிச் செய்தால் அனுப்ப வேண்டிய வரிசை இது: 0, 1, 1, 0, 0, 1, 1.

வழியில் 6-ம் இடத்து பிட் கெட்டுப்போய் 1 என்பது 0 ஆகிவிட்டது என்று வையுங்கள். வந்து சேர்வது: 0, 1, 1, 0, 0, 0, 1. இப்போது எண்ணிப் பாருங்கள். 1-ம் காவலரின் ஏரியாவில் இரண்டு 1, பிரச்சினை இல்லை. 2-ம் காவலரிடம் மூன்று 1, ஒற்றைப்படை, தப்பு. 4-ம் காவலரிடம் ஒரே ஒரு 1, அதுவும் தப்பு. புகார் சொன்னவர்கள் 2-ம் 4-ம். இரண்டையும் கூட்டினால் 6. கெட்டுப்போன இடம் 6!

எந்த இடத்தைக் கெடுத்தாலும் இப்படியே விடை வரும். யாருமே புகார் சொல்லவில்லை என்றால் கூட்டுத்தொகை 0, அதாவது தவறில்லை. ஒரு காவலர் பிட்டே கெட்டுப்போனாலும் அதன் எண் தனியாக வந்து நிற்கும். இதன் பெயர்தான் ஹாமிங் குறியீடு.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் 2 பிட் கெட்டால் இந்த 7 பிட் குறியீடு ஏமாந்துவிடும், தவறான இடத்தைத் திருத்தி வைத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கண்காணிக்கும் இன்னொரு காவலர் பிட்டையும் சேர்த்து, ஒரு தவறைத் திருத்தவும் இரண்டு தவறுகளைக் கண்டுபிடிக்கவும் முடியும் என்று ஹாமிங் காட்டினார்.

கண்டுபிடித்ததை உடனே வெளியிட முடியவில்லை. நிறுவனம் முதலில் காப்புரிமையைப் பார்த்தது. இடையில் 1948-ல் ஷானன் தன் புகழ்பெற்ற கட்டுரையில் ஹாமிங்கின் பெயரைச் சொல்லி இந்தக் குறியீட்டை உதாரணமாகக் காட்டினார். அதிலிருந்து மேலே போய் மார்செல் கோலே 1949-ல் தன் குறியீடுகளை வெளியிட்டுவிட்டார். ஹாமிங்கின் கட்டுரை 1950 ஏப்ரலில் பெல் நிறுவனத்தின் ஆய்விதழில் வந்தது. பெர்னார்ட் ஹோல்புரூக்குடன் சேர்ந்து வாங்கிய காப்புரிமை 1951-ல் கிடைத்தது.

அப்புறம் ரவுட்டர் ஏன் தானே திருத்திக்கொள்வதில்லை?

நியாயமான கேள்வி. பதில் செலவில் இருக்கிறது. 4 பிட்டுக்கு 3 காவலர் என்பது சின்ன உதாரணம், பெரிய அளவில் விகிதம் குறையும். ஆனாலும் திருத்துவதற்குக் கூடுதல் பிட் வேண்டும், கூடுதல் வேலை வேண்டும். ஒழுங்கான ஆபீஸ் கேபிளில் தவறுகள் ரொம்ப அபூர்வம். அதனால் நமக்குப் பழக்கமான சாதாரண ஈதர்நெட், கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

அதற்கு உதவுவது சி.ஆர்.சி. என்ற சோதனை. இந்த வகைக் குறியீடுகளை டபிள்யூ. வெஸ்லி பீட்டர்சன் 1961-ல் டி.டி. பிரவுனுடன் சேர்ந்து விளக்கினார். ஈதர்நெட்டில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் கடைசியிலும் 4 பைட், அதாவது 32 பிட் சோதனை எண் ஒட்டிக்கொண்டு வரும். வாங்கும் போர்ட் தானும் கணக்குப் போட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு கவுன்ட்டரில் ஒன்றைக் கூட்டும்.

இந்தச் சோதனை எவ்வளவு உறுதியானது என்று அளக்கும் அளவுகோலுக்கும் ஹாமிங்கின் பெயர்தான். ஒரு சரியான குறியீட்டிலிருந்து இன்னொரு சரியான குறியீட்டுக்குப் போகக் குறைந்தது எத்தனை பிட் மாற வேண்டும்? அதுதான் ஹாமிங் தூரம். வழக்கமான 1,518 பைட் ஈதர்நெட் பொட்டலத்துக்கு இந்தத் தூரம் 4. அதாவது 1, 2 அல்லது 3 பிட் கெட்டால் கட்டாயம் மாட்டிக்கொள்ளும்.

ஈதர்நெட் தூக்கிப் போட்டதை மறுபடி அனுப்பச் சொல்லும் வேலை மேலே இருக்கும் டி.சி.பி.க்கு. ஆனால் டி.சி.பி. பொதுவாக, பொட்டலம் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு மோசமான கேபிள் மொத்த டவுன்லோடையும் மந்தமாக்குவது இதனால்தான். வீடியோ காலில் பெரும்பாலும் மறுபடி அனுப்ப நேரமும் இருக்காது, படம் அப்படியே உறைந்துவிடும்.

பிங் மட்டும் ஏன் நன்றாக வருகிறது? சாதாரண பிங் ரொம்பச் சின்ன பொட்டலம். 64 பைட் பொட்டலத்தைவிட 1,500 பைட் பொட்டலத்தில் 23 மடங்குக்கு மேல் பிட்கள் இருக்கின்றன, அடிபட அத்தனை வாய்ப்பு. சந்தேகம் இருந்தால் பிங்கின் அளவைப் பெரிதாக்கிப் போட்டுப் பாருங்கள்.

எண்ணை எப்படி வாசிப்பது?

ஆக, 1947-ல் ஹாமிங்கின் முன்னால் நின்ற அதே இயந்திரம்தான் ஒருவிதத்தில் இன்றைய ரவுட்டர். தப்பைக் கண்டுபிடிக்கும், வேலையைத் தூக்கிப் போடும், அடுத்ததுக்குப் போகும். இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது.

கணக்கு போடுவதன் நோக்கம் எண்கள் கிடைப்பது அல்ல, புரிதல் கிடைப்பதுதான் என்பது ஹாமிங் வாழ்நாள் முழுக்கச் சொன்ன விஷயம். 1962-ல் வந்த அவருடைய எண்முறைக் கணிதப் புத்தகத்தின் அடிப்படைக் கருத்தே அதுதான். எரர் கவுன்ட்டருக்கு இது அப்படியே பொருந்தும்.

முதலில், 4,812 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒன்றுமே புரியாது. கடைசியாக கவுன்ட்டரை அழித்ததிலிருந்து சேர்ந்த மொத்தம் அது. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ கேபிளை மாற்றியபோது ஒரே நாளில் வந்ததாகவும் இருக்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு 5 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறுகிறதா? அந்த 5 நிமிடத்தில் வந்த மொத்த பொட்டலங்கள் எத்தனை? இந்த இரண்டும்தான் முக்கியம்.

இரண்டாவது, ஹாமிங்கின் காவலர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் சொன்ன புகாரைவிட, யார் யார் சேர்ந்து புகார் சொல்கிறார்கள் என்பதில்தான் இடம் தெரியும்:

- சி.ஆர்.சி. மட்டும் ஏறுகிறது: பெரும்பாலும் கேபிள், கனெக்டர், அழுக்கான ஃபைபர் முனை, பழுதான டிரான்ஸ்சீவர் அல்லது போர்ட். காப்பர் கேபிள் 100 மீட்டரைத் தாண்டிவிட்டதா, கரன்ட் வயரோடு ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள்.
- ஒரு முனையில் சி.ஆர்.சி.யும் ரன்ட்ஸும், எதிர்முனையில் லேட் கொலிஷன்: டூப்ளெக்ஸ் பொருந்தவில்லை. ஒரு பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் செட் செய்து, மறுபக்கத்தை ஆட்டோவில் விட்டால் 100 மெகாபிட் லிங்க்கில் இது நடக்கும். ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.
- ஜயன்ட்ஸ்: அனுமதித்த அளவைவிடப் பெரிய பொட்டலங்கள். எம்.டி.யூ. செட்டிங்கைப் பாருங்கள்.
- ஓவர்ரன், இக்னோர்ட்: வந்த வேகத்துக்குப் பெட்டியால் வாங்கி வைக்க முடியவில்லை. கேபிள் மேல் குற்றமில்லை.
- அவுட்புட் டிராப்ஸ் மட்டும் ஏறுகிறது, சி.ஆர்.சி. 0: லிங்க்கில் நெரிசல். பிட்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, வெளியே போக இடம் போதவில்லை.

கடைசி வகையில்தான் லாஸ் அலமாஸ் பாடம் வருகிறது. சி.ஆர்.சி. 0 என்றால் கணக்கு சரி என்று மட்டுமே அர்த்தம்.

மூன்றாவது, திசை. சி.ஆர்.சி.யை எண்ணுவது வாங்கும் முனை மட்டுமே. உங்கள் போர்ட்டில் ஏறுகிறது என்றால், பிரச்சினை எதிர்முனையிலிருந்து உங்களை நோக்கி வரும் பாதையில் இருக்கிறது. அவர்களுடைய டிரான்ஸ்மிட்டர், நடுவில் இருக்கும் கேபிள், உங்களுடைய ரிசீவர், இந்த மூன்றில் ஒன்று. எதிர்முனையில் இருப்பவர் தன் திரையைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் எல்லாம் 0, கிளியர் என்று சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய போர்ட் அனுப்பும்போது கெடுப்பது அவருடைய கவுன்ட்டரில் தெரியாது. சர்வீஸ் டிக்கெட்டுகள் நாள்கணக்கில் அங்கும் இங்கும் அலைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதில் ஒரு பொறியும் உண்டு. சில ஸ்விட்ச்கள் பொட்டலம் முழுசாக வந்து சேரும் முன்பே அடுத்த பக்கம் அனுப்பத் தொடங்கிவிடும். கட்-த்ரூ என்பார்கள். கடைசியில் இருக்கும் சோதனை எண்ணைப் பார்த்துத் தவறு என்று தெரிவதற்குள் பொட்டலம் கிளம்பிப் போயிருக்கும். அப்போது முதல் லிங்க்கில் கெட்டது அடுத்தடுத்த ஸ்விட்ச்களிலும் சி.ஆர்.சி. எரராகப் பதிவாகும். அந்த மாதிரி இடத்தில், கவுன்ட்டர் ஏறும் போர்ட்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து மூல இடத்துக்குப் போக வேண்டும்.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் கேபிள், பிறகு டிரான்ஸ்சீவர், பிறகு போர்ட். ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் எண்ணிப் பாருங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் பிரச்சினை தீரலாம், ஆனால் எது காரணம் என்று தெரியாது. பழுதான டிரான்ஸ்சீவர் ஸ்டோர் ரூமுக்குப் போய், அடுத்த மாதம் வேறொரு ரவுட்டரில் வந்து உட்காரும்.

முக்கியமான பிரச்சினை எது?

ஹாமிங் குறியீட்டோடு நின்றுவிடவில்லை. பெல் லேப்ஸில் 30 வருடம் இருந்தார். எண்முறைக் கணிதம், சமிக்ஞை வடிகட்டிகள், ஆரம்பகால கம்ப்யூட்டர் நிரலாக்கம் என்று பல துறைகளில் வேலை பார்த்தார். 1968-ல் கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது கிடைத்தது.

உணவு இடைவேளையில் வேதியியல் ஆட்களின் மேஜையில் போய் உட்கார்ந்து, உங்கள் துறையில் முக்கியமான பிரச்சினைகள் எவை என்று கேட்பாராம். கொஞ்ச நாள் கழித்து, அப்படியானால் நீங்கள் ஏன் அவற்றில் வேலை செய்யவில்லை என்று கேட்டார். அதன் பிறகு அந்த மேஜையில் அவருக்கு வரவேற்பு இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்தைப் பெரிய விஷயங்களை யோசிப்பதற்கு மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார். 1986 மார்ச்சில் பெல்கோர் நிறுவனத்தில் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றி அவர் ஆற்றிய உரையை இன்றும் இளம் இன்ஜினீயர்கள் தேடிப் படிக்கிறார்கள். வந்த எரிச்சலைப் புலம்பலாக விட்டுவிடாமல் கேள்வியாக மாற்றும் பழக்கத்துக்கு, அந்த இரண்டு வீக்எண்டும் அவரே காட்டிய உதாரணம்.

1976-ல் கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். மின், மின்னணுப் பொறியாளர்களுக்கான உலக அமைப்பான ஐ.இ.இ.இ. 1986-ல் அவர் பெயரிலேயே ஒரு பதக்கத்தை ஏற்படுத்தியது. 1988-ல் அதை முதலில் பெற்றவரும் அவரே. 1997 டிசம்பர் வரை வகுப்பு எடுத்தார். 1998 ஜனவரி 7 அன்று, 82 வயதில், மான்டரேயில் காலமானார்.

திருத்துவது மறுபடி வந்துவிட்டது

ஹாமிங் தொடங்கி வைத்த திருத்தும் குறியீடுகள் இன்று பல இடங்களில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. சர்வர்களில் இருக்கும் இ.சி.சி. மெமரியில் வழக்கமாக ஒவ்வொரு 64 பிட்டோடும் 8 காவல் பிட்கள் சேர்ந்து 72 பிட்டாகச் சேமிக்கப்படும். ஒரு பிட் கெட்டால் திருத்தும், இரண்டு கெட்டால் எச்சரிக்கும். ஹாமிங்கின் 1950-ம் ஆண்டு யோசனையின் நேரடி வாரிசு இது.

நெட்வொர்க்கிலும் கதை திரும்பியிருக்கிறது. 100 கிகாபிட் போன்ற வேகங்களில் தவறே வராத லிங்க்கை எதிர்பார்ப்பது கஷ்டம். அதனால் அங்கே பல வகை லிங்க்குகள், ரீட், சாலமன் என்ற இருவர் 1960-ல் கொடுத்த குறியீட்டைக் கொண்டு தவறுகளை வழியிலேயே திருத்திக்கொள்கின்றன. இதற்கு எஃப்.இ.சி. என்று பெயர். பழைய டி.எஸ்.எல். மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்திலும் இந்தப் பெயரைப் பார்த்திருக்கலாம்.

இப்படிப்பட்ட போர்ட்களில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று திருத்திய தவறுகள், இன்னொன்று திருத்த முடியாமல் போனவை. திருத்தியவை கொஞ்சம் ஏறுவது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் போன மாதத்தைவிட வேகமாக ஏறினால், லிங்க் சோர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பயனாளர்கள் யாரும் புகார் சொல்வதற்கு முன்பே ஃபைபர் முனையைத் துடைத்துவிடலாம், டிரான்ஸ்சீவரை மாற்றிவிடலாம். திருத்த முடியாதவை ஏற ஆரம்பித்துவிட்டால், பழைய சி.ஆர்.சி. கதைதான்.

அதனால் அடுத்த முறை நெட்வொர்க் பற்றி ஒரு டிக்கெட் போடும்போது, எரர் வருகிறது என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த போர்ட், எந்தத் திசை, எந்த கவுன்ட்டர், 5 நிமிடத்தில் எத்தனை ஏறியது, அதே நேரத்தில் எத்தனை பொட்டலங்கள் வந்தன, எதிர்முனையில் என்ன தெரிகிறது. இந்த ஆறும் இருந்தால், வாங்கிப் பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.